நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓவர்கிளாக் திடீரென்று ஆட்டம் காண்கிறது: ரைசன் 5800எக்ஸ், 3600 ரேம்

நடுநிசி_ரெண்டர் | மதுரை

வணக்கம். வீடியோ எடிட்டிங்குக்காக வைத்திருக்கும் மெஷின் இது. அசெம்பிள் செய்த நாளிலிருந்து ஓவர்கிளாக்கில்தான் (ஆலை வைத்த வேகத்துக்கு மேல்) ஓடுகிறது, ஒரு தொல்லையும் இருந்ததில்லை. சித்திரை பிறந்ததிலிருந்து படுத்தி எடுக்கிறது.

சிபியு ரைசன் 7 5800எக்ஸ். பிபிஓ (சிபியுவின் பவர் வரம்பைத் தளர்த்தும் அமைப்பு) ஆன், பூஸ்ட் கூடுதலாக 100 மெகாஹெர்ட்ஸ், கர்வ் ஆப்டிமைசர் (கோருக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் அமைப்பு) எல்லா கோருக்கும் மைனஸ் 25.
ரேம் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்4-3600, 14-15-15-35, 1.45 வோல்ட், சாம்சங் பி-டை சிப். உள் டைமிங்குகளை (ரேம் ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் சுற்றுக் கணக்கு) கையால் இறுக்கியிருக்கிறேன், டிஆர்எஃப்சி (ரேம் தன்னைப் புதுப்பிக்கும் நேரம்) 252.
பி550 போர்டு, 850 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 320 வாட் கிராஃபிக்ஸ் கார்டு.

சில நேரம் பாட்டு கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆகிறது. சில நேரம் ரெண்டர் பாதியில் நீலத்திரை. சில நேரம் எடிட்டிங் மென்பொருள் மட்டும் தானாக மூடிக்கொள்கிறது. பயாஸை (போர்டின் அமைப்புத் திரை) நான் தொடவே இல்லை. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 வரிசையாக நிற்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எஸ்எம்பிஎஸ்_சாமி | திருச்சி

கெர்னல்-பவர் என்று அதுவே சொல்கிறதே. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். கோல்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் ஆகிவிடாது.

பழைய_சிலிக்கான் | சென்னை

சாமி, அவசரப்படாதீர்கள். 41 என்பது ‘போன முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை’ என்று விண்டோஸ் மறுபடி எழுந்தபின் எழுதி வைக்கிற குறிப்பு, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினாலும் 41 வரும், சிபியு முடங்கினாலும் 41 வரும். அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் காசுதான் செலவாகும்.

தம்பி, முதல் வேலையாக பயாஸில் ‘லோடு டீஃபால்ட்ஸ்’ கொடுங்கள். எக்ஸ்எம்பி (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) கூட வேண்டாம். ரேம் 2133-லோ 2400-லோ நிற்கட்டும். சில நாள் அப்படியே வேலை பாருங்கள். இந்த ஸ்டாக் (ஆலை) எண்களிலும் விழுந்தால் ஏதோ ஒரு பொருள் கெட்டிருக்கிறது. விழவில்லை என்றால் பொருளெல்லாம் நன்றாக இருக்கிறது, நீங்கள் வைத்த எண்களில்தான் வில்லங்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு பேசுவது இருட்டில் துழாவுகிற வேலை.

கூடவே ஈவென்ட் வியூவரில் 41-க்குச் சற்று முன்னும் பின்னும் ‘வீயா-லாகர்’ என்ற பெயரில் (வன்பொருள் பிழையைக் குறிப்பது) ஏதாவது பதிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முழுசாக இங்கே போடுங்கள்.

நடுநிசி_ரெண்டர்

ஸ்டாக்கில் ஓட்டினேன் அண்ணா. ஒரு தடவை கூட விழவில்லை. ரெண்டர் கொஞ்சம் மெதுவாகப் போனது, மற்றபடி சமர்த்து. ஆனால் ஒன்று புரியவில்லை. பழைய எண்களோடு பிரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற முழு பாரச் சோதனை ராத்திரி முழுக்க ஓடுகிறது. சினிபெஞ்ச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. சிபியு 80 டிகிரியைத் தாண்டவில்லை. இவ்வளவு பாரத்தைத் தாங்குகிற மெஷின் பாட்டு கேட்கும்போது ஏன் விழ வேண்டும்?

வீயா-லாகர் பதிவுகள் இருக்கின்றன, ஆனால் எல்லாத் தடவையும் இல்லை. சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனதற்கெல்லாம் ஈவென்ட் 18, ‘கேஷ் ஹையரார்க்கி எரர்’, புராசஸர் ஏபிஐசி ஐடி 10. ஒரு சிலவற்றில் 11. ரெண்டரில் நீலத்திரை வந்தபோது வீயா எதுவும் இல்லை. நீலத்திரையின் பெயரும் ஒன்றாக இல்லை: ஒரு முறை மெமரி மேனேஜ்மென்ட், ஒரு முறை ஐஆர்க்யூஎல், ஒரு முறை பேஜ் ஃபால்ட்.

நானோசெகண்ட் | பெங்களூரு

நல்ல பதிவு. பாதி விடை இதிலேயே இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு.

முதலாவது, சும்மா இருக்கும்போது வருகிற ரீஸ்டார்ட். 5800எக்ஸில் ஒவ்வொரு கோருக்கும் இரண்டு த்ரெட், அதனால் ஏபிஐசி ஐடியை இரண்டால் வகுத்தால் கோர் எண் வந்துவிடும். 10, 11 இரண்டும் கோர் 5, பூஜ்யத்திலிருந்து எண்ணினால். வேறு கோரே பட்டியலில் இல்லை. மைனஸ் 25 அந்தக் கோருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கர்வ் ஆப்டிமைசரில் ஒரு படி ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 25 என்றால் 75-லிருந்து 125 மில்லிவோல்ட் வரை பிடுங்கிவிட்டீர்கள்.

பிரைம்95 ஏன் தாங்கியது என்றால், எட்டு கோரும் சேர்ந்து உழைக்கும்போது வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் நிற்கும். அந்த வேகத்துக்கு அந்த வோல்ட்டேஜ் தாராளம். பாட்டு கேட்கும்போது ஒரே ஒரு கோர் மட்டும் கண நேரத்துக்கு 4.9-க்கு மேல் பாயும், உடனே தூங்கும், மறுபடி பாயும். வோல்ட்டேஜ் பற்றாக்குறை அங்கேதான். ஸ்மால் எஃப்எஃப்டி அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. கர்வ் ஆப்டிமைசரைச் சோதிக்க கோர்சைக்கிளர் போடுங்கள். பிரைம்95-ஐ எஸ்எஸ்இ முறையில் ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றி ஓட்டும். பாரம் லேசு, வேகம் உச்சம், நமக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது, ரெண்டரில் வருவது. வீயா இல்லை, நீலத்திரையின் பெயர் தினம் ஒன்று, மென்பொருள் தானாக மூடுகிறது. இது ரேமின் கைவரிசை போலத் தெரிகிறது. உங்களுடையது ஈசிசி (பிழையைக் கண்டு திருத்தும் வசதி) இல்லாத ரேம். அதில் ஒரு பிட் புரண்டால் எழுதி வைக்க ஆளில்லை. புரண்ட பிட் யார் கையில் சிக்குகிறதோ அவர் பெயரில் நீலத்திரை வரும்.

எஸ்எம்பிஎஸ்_சாமி

இரண்டு கோளாறு ஒரே மாதத்தில் சேர்ந்து வருமா? இரண்டுக்கும் பொதுவானது கரண்ட்தான். மதுரையில் சித்திரை மாதம் வோல்ட்டேஜ் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும். இன்வெர்ட்டரில் போட்டிருக்கிறீர்களா? அது ஸ்கொயர் வேவ் ஆக இருந்தால் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆகவே ஆகாது. இன்வெர்ட்டருக்கு மாறுகிற இடைவெளியும் பாருங்கள், கரண்ட் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் தம் கட்டுவது சுமார் 16 மில்லி விநாடிதான்.

நடுநிசி_ரெண்டர்

சைன் வேவ் இன்வெர்ட்டர் அண்ணா, யுபிஎஸ் மோடில்தான் இருக்கிறது. கரண்ட் போன நேரத்தில் மெஷின் விழுந்ததே இல்லை. இருந்தாலும் நீங்கள் சொன்னதற்காக மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மோலெக்ஸ் பின்னில் மஞ்சள் வயர், சிபியு, கிராஃபிக்ஸ் இரண்டையும் முழு பாரத்தில் ஓட்டியபோது 11.97 வோல்ட். சும்மா இருக்கும்போது 12.08.

பழைய_சிலிக்கான்

ஏடிஎக்ஸ் கணக்கில் 11.4-லிருந்து 12.6 வரை சரி. மீட்டரில் பார்த்தது நல்லது, போர்டின் சென்சார் காட்டுகிற 12 வோல்ட்டை நம்பக் கூடாது. கண நேரச் சரிவை மீட்டர் காட்டாது என்பது உண்மைதான், ஆனால் கரண்ட் கோளாறு எல்லாத் தடவையும் கோர் 5-ஐ மட்டும் தேடிப் பிடிக்காது. எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

புதுவரவு_99 | ஈரோடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போன வருடங்களில் சிபியு தானாகக் கெடுகிறது என்று ஒரே பேச்சாக இருந்ததே, இது அதுவா?

பழைய_சிலிக்கான்

அது இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள். தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜ் போய் சிப் தேய்கிறது என்று 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட்டில் பயாஸ் வழியாக மைக்ரோகோடு திருத்தம் விட்டது, வாரன்ட்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. இங்கே இருப்பது ரைசன், அதோடு இதற்குச் சம்பந்தமில்லை. உங்களிடம் அந்தத் தலைமுறை இருந்தால் பயாஸைப் புதுப்பித்துவிட்டுத் தனி இழை தொடங்குங்கள்.

நடுநிசி_ரெண்டர்

அப்டேட். கர்வ் ஆப்டிமைசரை மட்டும் பூஜ்யமாக்கினேன், ரேமைத் தொடவில்லை. சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டது. வீயா பதிவும் இல்லை. ஆனால் ரெண்டரில் நேற்றும் நீலத்திரை.

எஸ்எம்பிஎஸ்_சாமி

பார்த்தீர்களா, கர்வ் இல்லை.

நானோசெகண்ட்

கர்வ்தான், ஆனால் கர்வ் மட்டும் இல்லை. இப்படித்தான் பலர் வழி தவறுகிறார்கள். ஒன்றைச் சரிசெய்கிறார்கள், மெஷின் இன்னும் விழுகிறது, ‘இது காரணம் இல்லை’ என்று பழைய எண்ணையே திரும்பப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ரேமை மாற்றிப் பார்த்தால் அப்போதும் விழும், ரேமும் நிரபராதி ஆகிவிடும். கடைசியில் போர்டை மாற்றச் சொல்லுவார்கள்.

கர்வ் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். பூஸ்ட் 100-ஐயும் எடுத்துவிடுங்கள். இப்போது ரேமை மட்டும் பார்ப்போம். டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனையை ஓட்டினீர்களா?

நடுநிசி_ரெண்டர்

ஓட்டினேன். பிழையே இல்லை. மெம்டெஸ்ட்86-ம் நான்கு சுற்று சுத்தமாக முடிந்தது. அதனால்தான் ரேம் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தூசிதட்டி | கோயம்புத்தூர்

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு கேள்வி மட்டும். மெஷினில் கடைசியாக எதை மாற்றினீர்கள்? பயாஸ் இல்லை என்றீர்கள். பொருள்? இடம்? மேசைக்கு மேலிருந்து கீழே, சுவர் ஓரம், ஏசி அறையிலிருந்து வேறு அறை, இப்படி ஏதாவது? சர்வீஸுக்கு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் கேட்பேன். ‘ஒன்றும் மாற்றவில்லை’ என்பார்கள், பேசப் பேச ஒன்று வெளியே வரும்.

நடுநிசி_ரெண்டர்

கிராஃபிக்ஸ் கார்டு மாசியில் வாங்கியது. முன்பு இருந்தது 160 வாட் கார்டு. ஆனால் மாற்றியபின் ஒரு மாதத்துக்கு மேல் நன்றாகத்தான் ஓடியது. அறையில் ஏசி கிடையாது. மதியம் 38, 39 போகும்.

தூசிதட்டி

புதுக் கார்டின் பின்பக்கத் தகடு முழுசாக மூடியிருக்கிறதா, இல்லை ஓர் ஓரத்தில் திறந்து ஹீட்சிங்க் தெரிகிறதா?

நடுநிசி_ரெண்டர்

வலது ஓரம் திறந்திருக்கிறது. கடைசி ஃபேன் காற்று நேராக மேலே போகிற மாதிரி.

தூசிதட்டி

மேலே எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? ரெண்டர் ஓடும்போது கேபினட் கதவைத் திறந்து, ரேம் ஸ்லாட்டுக்குச் சற்றுக் கீழே கையை நீட்டிப் பாருங்கள். ஹேர் டிரையர் முன்னால் கை வைத்த மாதிரி இருக்கும். 320 வாட்டில் ஒரு நல்ல பங்கு ரேம் மேல் ஊதுகிறது. மாசி, பங்குனியில் அறை 30 டிகிரி, சமாளித்தது. இப்போது 39.

நானோசெகண்ட்

அதுதான். டெஸ்ட்மெம்5 ஏன் தேறியது என்பதற்கும் இதுவே பதில். அந்தச் சோதனையில் கிராஃபிக்ஸ் கார்டு தூங்கிக்கொண்டிருக்கும், ரேம் 42, 43-இல் நிற்கும். மெம்டெஸ்ட்86-உம் அப்படித்தான். ரெண்டரில் மட்டும் இரண்டும் சேர்ந்து கொதிக்கும்.

இப்படிச் செய்யுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ திறந்து ரேம் ஸ்டிக்கின் வெப்பநிலை தெரிகிறதா பாருங்கள், பி-டை ஸ்டிக்குகள் பலவற்றில் சென்சார் உண்டு. அப்புறம் ஓசிசிடியில் கிராஃபிக்ஸ் சோதனையை ஓட விட்டு, கூடவே டெஸ்ட்மெம்5 ஓட்டுங்கள். எத்தனை டிகிரியில் முதல் பிழை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மதியம் செய்யுங்கள், விடியற்காலையில் வேண்டாம்.

நடுநிசி_ரெண்டர்

மாட்டிக்கொண்டது!

43-இல் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. 50 வரைக்கும் ஒன்றுமில்லை. கார்டுக்குப் பக்கத்து ஸ்டிக் 54-ஐத் தொட்டதும் முதல் பிழை. 56-இல் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஓசிசிடியை நிறுத்தி, கதவைத் திறந்து மேசை ஃபேனைத் திருப்பி வைத்தேன். 44-க்கு இறங்கியதும் புதுப் பிழை வருவது நின்றது. அதே எண்கள், அதே வோல்ட்டேஜ்.

54 டிகிரி எல்லாம் ஒரு வெப்பமா? 85 வரைக்கும் ரேம் தாங்கும் என்று படித்திருக்கிறேனே.

நானோசெகண்ட்

தாங்கும், ஆலை வைத்த எண்ணில் ஓடினால். நீங்கள் வைத்திருப்பது டிஆர்எஃப்சி 252. 3600-இல் கடிகாரம் 1800 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுற்று 0.556 நானோசெகண்ட், 252 சுற்றுக்கு 140 நானோசெகண்ட். உங்கள் ஸ்டிக்கில் இருக்கும் 8 கிகாபிட் சிப்புக்கு ஜெடெக் (மெமரிக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தரம் கொடுக்கும் நேரம் 350 நானோசெகண்ட்.

டிராமின் ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டி மின்தேக்கி. ஓட்டைக் குடம் மாதிரி, சும்மா வைத்திருந்தாலே வடிந்துகொண்டிருக்கும். அதனால் 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். அந்த ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் டிஆர்எஃப்சி. சூடு ஏற ஏறக் கசிவு கூடும். நிரப்ப 350 கொடுத்திருந்தால் அந்தக் கூடுதல் கசிவையும் ஈடுகட்டிவிடலாம், 140 கொடுத்தால் முடியாது. 85 டிகிரிக்கு மேல் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று தரத்திலேயே இருக்கிறது. பி-டை இவ்வளவு இறுக்கத்தை ஏற்றுக்கொள்வதால்தான் எல்லாரும் அதைத் தேடி வாங்குகிறோம், ஆனால் இறுக்கிய பி-டை 50-க்கு மேல் முகம் சுளிக்கும் என்பது ரேம் இறுக்குகிறவர்களுக்குப் பழகிய சங்கதி. உங்களுடையது 16 ஜிபி ஸ்டிக், இரண்டு பக்கமும் சிப், 1.45 வோல்ட். சூடு தங்கும்.

இத்தனைக்கும் இதில் லாபம் எவ்வளவு? 7800 நானோசெகண்டில் 140 போனால் 1.8 சதவீத நேரம் ரேம் புதுப்பித்தலில் கழிகிறது. 180 கொடுத்தால் 2.3. அரை சதவீதத்துக்காக ரெண்டரைப் பலி கொடுக்க வேண்டாம். டிஆர்எஃப்சி 324 போடுங்கள், அது 180 நானோசெகண்ட். 14-15-15 அப்படியே இருக்கட்டும்.

தூசிதட்டி

எண்ணை மாற்றுவதோடு காற்றையும் மாற்றுங்கள். ஒரு 120 மிமீ ஃபேனை ஜிப் டை போட்டு ரேம் மேல் படும்படி கட்டினால் போதும், பார்க்க அழகாக இருக்காது. முன்பக்க ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். முடிந்தால் கார்டின் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்குங்கள், ரெண்டரில் பெரிதாகத் தெரியாது, அறைக்கும் நல்லது.

நடுநிசி_ரெண்டர்

மூன்றையும் செய்தேன். ஃபில்டரில் ஒரு கம்பளமே இருந்தது. அதே மதிய வெயிலில், ஓசிசிடியும் டெஸ்ட்மெம்5-ம் சேர்ந்து ஓடி, ஸ்டிக் 48-ஐத் தாண்டவில்லை. பிழை இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு வேண்டுமென்றே 57 வரை ஏற்றினேன். 324-இல் அப்போதும் பிழை இல்லை.

இனி கர்வ். கோர்சைக்கிளர் போட்டேன். மைனஸ் 25-இல் கோர் 5 ஆரம்பித்த சூட்டிலேயே ரவுண்டிங் பிழை. கோர் 2-உம் கொஞ்ச நேரம் கழித்து விழுந்தது. மற்ற ஆறும் தாங்குகின்றன. ரைசன் மாஸ்டரில் நட்சத்திரம் போட்டிருக்கும் கோர்கள் இந்த இரண்டும்தான். நல்ல கோர்கள் ஏன் முதலில் விழுகின்றன?

நானோசெகண்ட்

நல்ல கோர் என்பதால்தான். விண்டோஸ் லேசான வேலைகளை அவற்றிடமே தள்ளும், அவை மற்றவற்றைவிட உயரப் பாயும். ஆலையிலேயே அவற்றுக்குக் குறைந்த வோல்ட்டேஜ்தான் எழுதியிருக்கும். அதற்கு மேல் பிடுங்க இடமில்லை. எல்லா கோருக்கும் ஒரே எண் என்பது சோம்பேறி வழி, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுங்கள்.

ஆனால் ஒன்று. இது சித்திரையில் கெட்டதாக நான் நினைக்கவில்லை. கோர் 5 முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். நீங்கள் சோதித்தது எல்லாம் எட்டு கோரும் ஓடுகிற சோதனை.

பழைய_சிலிக்கான்

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. வருடக் கணக்கில் பாட்டு கேட்டவருக்கு இப்போதுதான் ரீஸ்டார்ட் வருகிறது. சிப் தேயும் தம்பி. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செலரான் 300ஏ வாங்கி, பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு ஏற்றி, 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிய காலத்து ஆள். அப்புறம் நார்த்வுட் பென்டியம் 4 வந்தபோது 1.7 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தவர்களின் சிப்புகள் சில மாதத்தில் செத்ததையும் பார்த்தவன். எலக்ட்ரான் ஓட்டம் கம்பியையே கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், சூடும் கரண்ட்டும் கூடினால் வேகமாக அரிக்கும்.

நானோசெகண்ட்

நார்த்வுட்டுக்கு வோல்ட்டேஜைக் கூட்டினார்கள் அண்ணா. இவர் குறைத்திருக்கிறார். குறைத்தால் எப்படித் தேயும்?

பழைய_சிலிக்கான்

குறைத்ததால் தேயவில்லை, எல்லாச் சிப்பும் தேயும். நாளாக நாளாக அதே வேகத்துக்கு இன்னும் சில மில்லிவோல்ட் கேட்கும். ஆலைக்காரன் அது தெரிந்துதான் முதல் நாளே கொஞ்சம் கூடுதலாக எழுதி வைக்கிறான். மைனஸ் 25 போட்டு நீங்கள் எடுத்துக்கொண்டது அந்த இருப்பைத்தான். ஸ்டாக்கில் ஓடுகிறவனுக்குத் தெரியாத தேய்மானம், விளிம்பில் நிற்கிறவனுக்கு ரீஸ்டார்ட்டாகத் தெரியும்.

நானோசெகண்ட்

அதுவும் இருக்கலாம். முதல் நாள் கோர்சைக்கிளர் முடிவு கையில் இல்லாததால் இரண்டில் எது என்று பிரிக்க வழியில்லை. எப்படியானாலும் வைத்தியம் ஒன்றுதான்.

நடுநிசி_ரெண்டர்

இப்போதைய நிலை: கோர் 5 மைனஸ் 5, கோர் 2 மைனஸ் 10, மற்றவை மைனஸ் 18. பூஸ்ட் கூடுதல் எடுத்துவிட்டேன். கோர்சைக்கிளர் எல்லா கோரிலும் சுத்தம், வீயா பதிவு இல்லை. ரேம் 3600, டிஆர்எஃப்சி 324. ரெண்டர் நேரத்தில் பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

எஸ்எம்பிஎஸ்_சாமி

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வருடம் ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரு கண் பாருங்கள்.

பழைய_சிலிக்கான்

இழையை மூடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. இத்தனை வாரம் ரேம் பிட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. நீலத்திரை வந்தது உங்கள் கண்ணுக்குத் தெரிந்த தடவைகள். தெரியாமல் புரண்ட பிட் எங்கே போய் உட்கார்ந்ததோ. விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்க டிஸ்ம், எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் இரண்டையும் ஓட்டுங்கள். அதைவிட முக்கியம், அந்த நாட்களில் காப்பி செய்த, ஜிப் செய்த, பேக்கப் எடுத்த கோப்புகள். ஜிப்பை ‘டெஸ்ட்’ கொடுத்தால் சிஆர்சி (ஜிப்புக்குள் இருக்கும் சரிபார்ப்பு எண்) சொல்லிவிடும். வீடியோ கோப்பு அப்படிச் சொல்லாது, மூலக் கோப்போடு ஹாஷ் (கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி எண்) ஒப்பிட வேண்டும்.

நடுநிசி_ரெண்டர்

எஸ்எஃப்சி சில கோப்புகளைச் சரிசெய்ததாகச் சொன்னது. சித்திரையில் எடுத்த பேக்கப் ஜிப்களில் ஒன்று சிஆர்சி பிழை காட்டுகிறது, ஒரு கல்யாண வீடியோவின் மூலக் கிளிப்புகள் அதில்தான். கேமரா கார்டை இன்னும் அழிக்கவில்லை, திரும்ப காப்பி செய்து ஹாஷ் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மற்ற பேக்கப்களும் வரிசையில் நிற்கின்றன.

புதுவரவு_99

ஹாஷ் ஒப்பிட எதைப் பயன்படுத்துகிறீர்கள்? எனக்கும் வேண்டும்.

நடுநிசி_ரெண்டர்

தனியாக எதுவும் போட வேண்டாம். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளை இருக்கிறது. இரண்டு பக்கமும் ஓட்டி, வருகிற எண்ணை ஒப்பிட்டால் போதும்.